மார்ஸ்டன் பார்க் நார்த்: வீடு கட்ட விடாதது சரியா?

வயல்காற்று:
சிட்னியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் மார்ஸ்டன் பார்க் நார்த் பகுதியைக் குடியிருப்பாக மாற்றப் போவதில்லை என்று 2023 அக்டோபரில் மாநில அரசு அறிவித்தது. பெருவெள்ளம் வந்தால் அத்தனை பேரையும் நேரத்துக்கு வெளியேற்றச் சாலைகள் போதாது என்பது காரணம். போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் இந்தப் பேச்சு வந்தது. "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே" என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் 2015ல் பக்கத்து ஸ்கோஃபீல்ட்ஸுக்குக் குடிவந்தபோது வீட்டுக்குப் பின்னால் குதிரைகள் மேய்ந்தன. இப்போது அங்கே கறுப்புக் கூரைகள்தான். அதற்கு நானும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2022 ஜூலை வெள்ளத்தில் அந்த வட்டாரத்து ஈஸ்டர்ன் க்ரீக் ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளம் என்றால் சீறிக்கொண்டு ஓடும் என்று நினைத்திருந்தேன். அங்கே சத்தமே இல்லை. பால் கலக்காத தேநீர் நிறத்தில் தண்ணீர் அப்படியே நின்றது, நிற்கிற மாதிரியே ஏறியது. வேலிக்கட்டைகளின் நுனி மட்டும் நாலு விரற்கடை வெளியே தெரிந்தது. ஒவ்வொரு நுனியிலும் எறும்பும் சிலந்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. அந்த இடத்தில் பிள்ளைகுட்டிகளோடு வீடு கட்டச் சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்றாம்மாடி:
அக்கா, நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வீடு இருக்கிறது. நான் வென்ட்வொர்த்வில்லில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா. அம்மாவுக்குக் கட்டில் போட்ட இடம் வரவேற்பறை. மூன்று வருடத்தில் வாடகை மூன்று தடவை ஏறிவிட்டது.

ஸ்கோஃபீல்ட்ஸும் நேற்றுவரை மேய்ச்சல் நிலம்தானே. உங்கள் தெரு வந்தபோது யாரும் தடுக்கவில்லை. சாலை போதாது என்றால் சாலையைப் போடட்டும். விண்ட்சர் ஊர் இருநூறு வருடமாக அதே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் இருக்கிறது, அதைக் காலி செய்யச் சொன்னார்களா?

அளவுகோல்:
தம்பி, வடிகால் வடிவமைப்புதான் என் தொழில். சாலையைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்குச் சொல்கிறேன்.

இந்த ஹாக்ஸ்பரி-நேப்பியன் பள்ளத்தாக்கைக் குளியல் தொட்டி என்பார்கள். வாரகாம்பா, நேப்பியன், குரோஸ், சவுத் க்ரீக் என்று ஆறுகளும் ஓடைகளும் வரிசையாக வந்து கொட்டுகின்றன. தண்ணீர் வெளியேறும் வழியோ சாக்வில்லுக்குக் கீழே ஒடுங்கிய மலையிடுக்கு. வருகிற வேகத்தில் போக முடியாமல் அது பின்னோக்கி சவுத் க்ரீக்கிலும் ஈஸ்டர்ன் க்ரீக்கிலும் ஏறுகிறது. அக்கா பார்த்த அந்தச் சத்தமில்லாத தண்ணீர் இதுதான்.

2022 ஜூலையில் விண்ட்சரில் நீர்மட்டம் 14 மீட்டரைத் தொடவில்லை. எந்த ஓர் ஆண்டிலும் வர நூறில் ஒரு வாய்ப்பு உள்ள வெள்ளம், அதாவது நூறாண்டு வெள்ளம், என்று கணக்கில் வைப்பது 17 மீட்டருக்குச் சற்று மேல். 1867ல் வந்ததோ 19 மீட்டரையும் தாண்டியது. மற்ற பெரும்பாலான ஆறுகளில் நூறாண்டு வெள்ளத்துக்கும் வரக்கூடிய உச்ச வெள்ளத்துக்கும் ஒன்றிரண்டு மீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். இங்கே கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர். மாடி வீடே மூழ்கும் ஆழம்.

புதுச்சாலை போட்டாலும் அது போய்ச் சேருவது ரிச்மண்ட் ரோட்டிலும் விண்ட்சர் ரோட்டிலும்தான். விண்ட்சர், மெக்ராத்ஸ் ஹில், பிளை பார்க் மக்கள் தப்பிக்கவும் அவைதான் வழி. அந்த ஊர்கள் முதலில் தீவாகும், அப்புறம் அந்தத் தீவும் மூழ்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு காரும் அவர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். விண்ட்சரைக் காலி செய்யச் சொல்லவில்லை என்றீர்கள். அங்கே இருக்கிறவர்கள் உயிரோடு வெளியே வரவேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வேண்டாம் என்கிறோம்.

ஆட்டுக்கிடை:
எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். நிலம் வைத்திருக்கிறவர்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

அந்தப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர். இந்தப் பக்கத்து நிலங்களைக் குடியிருப்பாக மாற்றும் அரசுத் திட்டமான வடமேற்கு வளர்ச்சிப் பகுதி 2006ல் சட்டமானது. 2023ல் வேண்டாம் என்கிறார்கள். நடுவில் 17 வருடம். பண்ணை என்று நம்பிப் பணம் போட முடியாது, மனை என்று விற்கவும் முடியாது. எனக்கு விற்ற முகவர் "இரண்டே வருடத்தில் மாறிவிடும்" என்று அடித்துச் சொன்னார். என்னை விடுங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி, முழங்கால் வலியோடு தானே வேலி கட்டுகிறார். மனையாக மாறினால் பிள்ளைகள் வந்து எழுதிக்கொள்வார்கள் என்று காத்திருந்தார்.

ரிவர்ஸ்டோனின் பழைய கதை தெரியுமா? 1864ல் ரயில் வந்தது, 1880களில் வரைபடத்தில் கோடு போட்டுத் துண்டு துண்டாக மனை விற்றார்கள். பல மனைகளுக்குச் சாலையும் வரவில்லை, குழாய்த் தண்ணீரும் வரவில்லை. வாங்கியவர்கள் பேரப்பிள்ளை காலம் வரை பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதே கதை மறுபடியும் நடக்கிறது. வெள்ளம் என்றால் சரி, நியாயமான விலைக்கு அரசே எடுத்துக்கொள்ளட்டும்.

வயல்காற்று:
அண்ணா, எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு நிலத்துக்காரரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. ஆனால் உங்கள் நஷ்டத்தை இன்னொரு குடும்பத்துக்கு மனையாக விற்று ஈடுகட்டுவதை என்னால் ஏற்க முடியாது. கடைசியில் அதை வாங்கப்போவது மூன்றாம்மாடி மாதிரி ஒருவர்தான்.

தம்பி, எங்கள் தெருவை யாரும் தடுக்கவில்லை என்றீர்களே. கட்ட அனுமதித்ததைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. சாலையும் பள்ளியும் பின்னால் வரும் என்று விட்டதுதான் தவறு. காலை ஏழரைக்கு ரிவர்ஸ்டோன் கார்ஃபீல்ட் ரோட்டில் ரயில்வே கேட் மூடினால் வண்டி எவ்வளவு தூரம் நிற்கிறது என்று ஒரு நாள் வந்து பாருங்கள். வெறும் திங்கட்கிழமைக்கே இந்தக் கதி. தாலவாங்கில் 2019ல் மெட்ரோ வந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் அடுக்ககமாக உயர்த்திக் கட்டலாமே.

மூன்றாம்மாடி:
உயர்த்திக் கட்டுவது என்றால் மறுபடியும் அதே இரண்டு படுக்கையறைதானே அக்கா? அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு நாலு அறை அடுக்ககம் எங்கே கட்டுகிறார்கள்? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கண்ணில் படவே இல்லை. மேட்டில் கட்டுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். அதைக் கட்டாமல் பள்ளத்தை மட்டும் மூடினால் எங்களுக்கு இரண்டுமே இல்லை.

அளவுகோல் அண்ணா சொன்ன தீவு விஷயம் எனக்குப் புதிது. உண்மையைச் சொல்கிறேன், ரிவர்ஸ்டோனுக்கு அடுத்த வினியார்ட் பக்கம் ஒரு மனைக்கு அடுத்த வாரம் முன்பணம் கட்டுவதாக இருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

அளவுகோல்:
விற்பவரின் ஒப்பந்தத்தோடு 10.7 சான்றிதழ் என்று ஒன்று, அந்த நிலத்துக்கு என்னென்ன கட்டுப்பாடு என்று கவுன்சில் தருவது, இணைத்திருப்பார்கள். அதில் வெள்ளம் பற்றிய வரிகளை முதலில் படியுங்கள். "கட்டுப்பாடு இல்லை" என்று இருந்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது பெரும்பாலும் நூறாண்டு அளவை வைத்துத்தான், உச்ச வெள்ளத்தைச் சொல்லாமல் போகலாம். கவுன்சிலில் அந்த முகவரிக்கு வெள்ள மட்டம் எவ்வளவு, நிலமட்டம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதே முகவரிக்கு வீட்டுக் காப்பீட்டு விலையும் கேட்டுப் பாருங்கள். விலை மிக அதிகமாக வந்தால் ஏன் என்று விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். மனை எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நிலமட்ட வரைபடத்தை நானும் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடி:
அனுப்பிவிட்டேன் அண்ணா. முன்பணத்தை நிறுத்தி வைக்கிறேன், திங்கட்கிழமை கவுன்சிலில் கேட்கிறேன். நாலு அறை அடுக்ககம் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் இங்கே யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.