நவம்பர் 29 கூட்டம், உண்டியல் பணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழர்களே. நவம்பர் 29, பாலஸ்தீன மக்களுடனான ஒருமைப்பாட்டு நாள். 1977இல் ஐ.நா. அறிவித்தது. அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய கூட்டம் போடுகிறோம். போலீஸ் அனுமதிக்கு மனு கொடுத்தாச்சு, மைக் செட்டும் பேசியாச்சு.

குழப்பம் உண்டியலில்தான். முதுநகர் மீன் மார்க்கெட்டில் பெண்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சுருக்குப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்து நீட்டுகிறார்கள். “சுனாமி வந்தப்ப நமக்கும் யாரோதானே குடுத்தாங்க? இது காசாவுக்குப் போய்ச் சேருமா தம்பி?” என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும்.

பாலஸ்தீன அகதிகளுக்காக 1949இல் ஐ.நா. தொடங்கிய நிவாரண முகமைக்குத் தனிநபர் இணையத்திலேயே நன்கொடை செலுத்தலாம். பலரிடம் வசூலித்த ரொக்கத்தை ஒருவர் கணக்கில் போட்டு அனுப்பினால் வருமான வரியில் சிக்கல் வருமா? ரசீது எப்படிப் போடுவது? ஆடிட்டர், வங்கி ஊழியர் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வங்கிக் கணக்கு எண்களை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். எது அசல், எது போலி என்றே தெரியவில்லை.

அப்புறம், பழைய துணி வேண்டாம். இங்கிருந்து அனுப்ப வழியில்லை. துண்டறிக்கைக்கு எழுத்துப்பிழை பார்க்க ஒருவர் கிடைத்தால் நல்லது.