சயாம் இளவரசர் பீரா: மூன்று தங்க நட்சத்திரம் வாங்கியவருக்கு எஃப்1-ல் 8 புள்ளிதானா?

செந்தூல்வாசி:
வணக்கம். தென்கிழக்காசியாவிலிருந்து எஃப்1 ஓட்டிய முதல் ஆள் நம் மலேசியாவின் அலெக்ஸ் யூங் (2001, மினார்டி) என்றுதான் செப்பாங் பந்தயத் தடத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சொல்லி வருகிறோம். சயாம் (இன்றைய தாய்லாந்து) இளவரசர் பீரா 1950-லேயே ஓட்டிவிட்டார் என்று ஒருவர் திருத்துகிறார். சரியா? போருக்கு முன்பு அத்தனை கோப்பை வென்றவர் எஃப்1-ல் ஏன் மேலே வரவில்லை? அவருடைய ஈ.ஆர்.ஏ. (பிரிட்டிஷ் பந்தயக் கார்) வண்டியில் கிளட்ச் கிடையாது என்கிறார்களே, அப்படியானால் கியர் எப்படி மாற்றினார்?

பட்டர்வொர்த்:
திருத்தியவர் சொன்னது சரி. யூங் மலேசியாவின் முதல் ஓட்டுநர்; இந்த வட்டாரத்துக்கு முதல் ஓட்டுநர் பீரா. 1950-ல் சில்வர்ஸ்டோனில் ஓடினார். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயமே அதுதான். அவருக்குப் பிறகு அடுத்த தாய்லாந்து ஓட்டுநராக அலெக்ஸ் ஆல்பன் வந்தது 2019-ல்.

1914-ல் பாங்காக்கில் பிறந்தவர், மோங்குட் மன்னரின் பேரன். ஈட்டனில் படித்தார், சிற்பமும் பயின்றார். 1935-ல் ரைலி காரில் பந்தயம் ஆரம்பித்து அடுத்து எம்ஜி கார். அதே ஆண்டு 21-ஆம் பிறந்த நாளுக்கு, ஒன்றுவிட்ட அண்ணன் இளவரசர் சூலா ஒரு ஈ.ஆர்.ஏ. வாங்கிக் கொடுத்தார். 'ரோமுலஸ்' அதுதான். அதில் முதல் ஓட்டம் பிரான்சின் தியப்பில், இரண்டாம் இடம். 1936-ல் மொனாக்கோவின் 1500 சிசி பந்தயத்தில் வெற்றி. 1936, 37, 38 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் ரேஸிங் டிரைவர்ஸ் கிளப்பின் தங்க நட்சத்திர விருது.

எஃப்1-ல் 19 பந்தயம், 8 புள்ளி. 1950-ல் மொனாக்கோ ஐந்தாம் இடம் (2), சுவிஸ் நான்காம் இடம் (3). 1954-ல் பிரான்ஸ் நான்காம் இடம் (3). இதை வைத்து அவர் திறமையை அளந்தால் தப்புக் கணக்கு. போருக்கு முன்பு அவர் பின்னால் சூலாவின் 'வெள்ளை எலி' அணி நின்றது. (சூலாவின் செல்லப்பெயர் 'நூ', தாய் மொழியில் எலி.) லண்டன் ஹாமர்ஸ்மித்தில் சொந்தப் பட்டறை, பிட்டில் (தடத்தோரம் அணி நிற்கும் இடம்) நேரம் குறிக்கவும் சைகை காட்டவும் சூலாவே. பின்னாளில் ஜாகுவாரை லெ மான்ஸில் ஜெயிக்க வைத்த லாஃப்டி இங்லண்ட் அப்போது அங்கே மெக்கானிக். அந்த அணியும் சறுக்கியிருக்கிறது. 1927-ல் கட்டிய டெலாஷ் காரை வாங்கிப் புதுப்பிக்கப் போய்ப் பணம் கரைந்ததுதான் மிச்சம். ஆனாலும் ஓட்டுவது ஒன்றுதான் பீராவின் வேலையாக இருந்தது.

1948-ல் ஸாண்ட்வோர்ட்டில் வென்றார். அந்த ஆண்டோடு இருவரும் பிரிந்தார்கள். பிறகு பிளாத் அணியின் மசராட்டி, ஓஸ்கா இன்ஜின் போட்ட மசராட்டி, கோர்தினி, கனாட் என்று கார் மாறிக்கொண்டே போனது. 1954 ரான்ஸ் பந்தயத்தைப் பாருங்கள். மெர்சிடிஸ் திரும்பி வந்து ஃபாஞ்சியோவும் கிளிங்கும் முதல் இரண்டு இடத்தையும் வாரிக்கொண்ட நாள். பீரா சொந்த மசராட்டி 250எஃப்-ல் மூன்றாவதாக வருகிறார். கடைசிச் சுற்றில் பெட்ரோல் குறைந்து வண்டி தளர, பின்னால் வந்த மான்ஸோன் தாண்டிப் போய்விட்டார். எஃப்1-ல் மேடை ஏற (முதல் மூன்று இடத்துக்குள் வர) அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல வாய்ப்பு அது. சூலா பிட்டில் இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார் என்பதே என் எண்ணம். 1955 தொடக்கத்தில் அதே வகைக் காரில் நியூசிலாந்து கிராண்ட் பிரியை வென்றார், அந்த ஆண்டே பந்தயத்தை விட்டார்.

பத்துத்திகா:
கியர் விஷயம். ஈ.ஆர்.ஏ.-வில் இருப்பது வில்சன் பிரீசெலக்டர், அதாவது கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்கும் பெட்டி, நான்கு கியர். இடது பெடலைப் பார்த்து கிளட்ச் என்று நினைக்கக்கூடாது, அது கியர் மாற்றும் பெடல். வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே, குச்சியை மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளி வைத்துவிடலாம். அப்போது ஒன்றும் நடக்காது. பிரேக் பிடித்து வளைவுக்கு வந்ததும் பெடலை அடிவரை மிதித்து விட்டால் இரண்டாம் கியர் விழும். அந்த நேரத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். இதன் லாபமே அதுதான்.

உள்ளே கோள் பற்சக்கரங்கள். ஒவ்வொரு கியருக்கும் ஒரு உருளை, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டை. நான்காவது மட்டும் நேரடி இணைப்பு. பெடலை அரைகுறையாக மிதித்தால் பட்டையை இறுக்கும் கம்பி சரியாகச் சிக்காது, பெரிய ஸ்பிரிங் பெடலைக் காலோடு சேர்த்து உதைத்துத் தள்ளும். பட்டை முழுதாகப் பிடிக்காமல் வழுக்கினால் சூடேறித் தீய்ந்துவிடும். கிளம்பும்போதும் முதல் கியர் பட்டைதான் முழுப் பாரத்தையும் வாங்குகிறது. புதுப் பட்டை போட்ட பிறகு அந்தக் கியரைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுக்க வேண்டும். தானியங்கிச் சரிகட்டி அப்போதுதான் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வரும். இதைச் செய்யாமல் ஓட்டினால் முதல் நாளே வழுக்கும். பெட்டி கனமானது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கும் முக்கியம். 1488 சிசி, ஆறு சிலிண்டர், சூப்பர்சார்ஜர், மெத்தனால் கலந்த எரிபொருள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பந்தயப் பிளக் போட்டால் நனைந்து அணையும். அதனால் சூட்டைத் தக்கவைக்கும் 'மென்' பிளக்கில் சூடேற்றி, வரிசையில் நிற்பதற்கு முன் சூட்டை வேகமாகக் கடத்தும் 'வன்' பிளக்குக்கு மாற்றுவார்கள். மாற்ற மறந்து மென் பிளக்கோடு முழு வேகத்தில் போனால், எரிபொருள் முன்கூட்டியே தீப்பிடித்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே, இருவருக்கும். இன்னும் ஒன்று. ப்ரிக்ஃபீல்ட்ஸ் கண்காட்சிக்கு ஒரு பதாகை வரைகிறோம். பீராவிடம் இருந்த மூன்று ஈ.ஆர்.ஏ.-வையும் எப்படிக் காட்டுவது?

பட்டர்வொர்த்:
ரோமுலஸ் (ஆர்2பி), ரீமஸ் (ஆர்5பி), மூன்றாவது ஹனுமான் (ஆர்12சி). முதல் இரண்டும் முன்னால் இலைவில் (லீஃப் ஸ்பிரிங்), கெட்டி அச்சு. ஹனுமானுக்கு மட்டும் போர்ஷே பாணித் தனித்தனி முன்சக்கரத் தொங்கல் (சஸ்பென்ஷன்). மூன்றையும் ஒரே முகமாக வரைந்தால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். 1939-ல் ரான்ஸில் மோதிய பிறகு ஹனுமானையும் முதல் இரண்டைப் போலப் பி வகையாக மாற்றிக் கட்டினார்கள். எனவே எந்த ஆண்டு என்று முடிவு செய்துவிட்டு வரையுங்கள். உடல் வெளிர்நீலம், சக்கரங்கள் மஞ்சள்.

பெயரைத் தாய் உச்சரிப்பில் பீரபோங் பானுதேத் என்பார்கள். மூலம் நமக்கும் தெரிந்த சொற்கள்தான்: வீர, வம்சம், பானு, தேஜஸ். பந்தயப் பட்டியலில் வெறும் 'பி. பீரா'. பதாகையில் இரண்டையும் போடுங்கள்.