செந்தூல் குடும்பம்: குமரனின் வரிக் கடிதம் (கோலாலம்பூர், மலேசியா, 2025 ஜூன்)

குமரன் (இரவு 8:14): மாலதி அக்கா, வருமான வரி வாரியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 2023க்கு நான் பாரம் (வருமானக் கணக்குப் படிவம்) அனுப்பவில்லையாம். சம்பளத்தில்தான் மாதாமாதம் பிசிபி என்று வரியை வெட்டினார்களே, அப்புறம் என்ன பாரம்?

பெரிய மாமா: போச்சு. ஏர்போர்ட்டிலேயே பிடித்து நிறுத்திவிடுவார்கள்!

மாலதி அக்கா: மாமா, பையனைப் பயமுறுத்தாதீர்கள். அந்தத் தடை, வரி பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. குமரா, வருடம் முழுக்க ஒரே முதலாளி, வேறு வருமானம் இல்லை, பிசிபியும் சரி என்றால் பாரம் அனுப்பாமல் விட விதி இருக்கிறது. நீதான் அந்த வருடம் கம்பெனி மாறினாயே.

குமரன்: ஆமாம். சனி ஞாயிறு சாப்பாடு டெலிவரியும் ஓட்டினேன் 😬

மாலதி அக்கா: அப்படியென்றால் அது வியாபார வருமானம். சம்பளம் மட்டும் வாங்குகிறவர்களுக்கான பிஇ இல்லை, வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரம். ஆன்லைனில் 2024 ஜூலை 15 வரை நேரம் இருந்தது.

தேவி அத்தை: டெலிவரி காசு என்ன பெரிய காசு லா. சொல்லாமல் விட்டுவிடு.

மாலதி அக்கா: அத்தை!! காசு அவன் பேங்க் கணக்கில் விழுந்திருக்கிறது. வருமானத்தை மறைத்தால் அது தனிக் குற்றம். பெட்ரோல், மோட்டார் சர்வீஸ் எல்லாம் கழித்தால் லாபம் கொஞ்சம்தான், காட்டிவிட்டுப் போகட்டும்.

பெரிய மாமா: தானாகப் போய்ச் சொன்னால் அபராதம் கிடையாது என்று பேப்பரில் போட்டார்களே?

மாலதி அக்கா: அந்தத் திட்டம் 2024 மே 31ஓடு முடிந்தது மாமா.

குமரன்: ஃபைன் எவ்வளவு வரும்?

மாலதி அக்கா: கோர்ட்டுக்குப் போனால் 200லிருந்து 20,000 வெள்ளி (ரிங்கிட்), ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வாரியமே போடும் அபராதம், சட்டப்படி வரியைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு போடுவதில்லை, ஆனால் தாமதம் கூடக் கூட ஏறும். நீ சும்மா இருந்தால் அவர்களே குத்துமதிப்பாக ஒரு தொகையைப் போட்டு பில் அனுப்புவார்கள். உன் பெட்ரோல் செலவெல்லாம் அதில் இருக்கும் என்று நினைக்காதே. அதை எதிர்க்க 30 நாளுக்குள் கியூ பாரம் என்ற மேல்முறையீட்டுப் படிவம் போடணும், அது தனித் தலைவலி. கடிதத்தோடு நிற்கும்போதே அனுப்பிவிடு.

குமரன்: பழைய கம்பெனி மூடிவிட்டது. வருடச் சம்பளமும் வெட்டிய வரியும் காட்டி முதலாளி தரும் இஏ பாரம் கையில் இல்லை.

மாலதி அக்கா: சம்பளச் சீட்டு இருக்கிறதா? எவ்வளவு வெட்டினார்கள் என்று அதிலேயே இருக்கும். இபிஎஃப் (சேமநிதி) அறிக்கையையும் எடுத்து வை.

குமரன்: இருக்கிறது. வரி மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால்?

மாலதி அக்கா: ஆன்சூரான், அதாவது தவணையில் கட்ட, கேட்கலாம். முதலில் கணக்குப் பார்ப்போம், பிசிபி கூடுதலாக வெட்டியிருந்தால் உனக்கே காசு திரும்பலாம்.

குமரன்: ஜாலான் டூத்தா வரி ஆபிஸுக்கு நேரில் போகணுமா?

மாலதி அக்கா: முதலில் வாரியத்தின் ஆன்லைன் தளமான மைடெக்ஸில் நுழைய முடிகிறதா பார். டெலிவரி ஆப்பிலிருந்து 2023 வருமானத்தை இறக்கிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வா.

தேவி அத்தை: மாலதி... என் கேட்டரிங்குக்கும் இந்த பி பாரம்தானா?

மாலதி அக்கா: 🤦🏽‍♀️ அதேதான் அத்தை. 2024 வருமானத்துக்குப் பாரம் அனுப்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பில் பையோடு நீங்களும் வாருங்கள்.

பெரிய மாமா: வரும்போது அந்தப் புட்டு மாயாம் இடியாப்பமும் கொண்டு வா தேவி.