லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: 2011 புளூ-ரே பெட்டியா, 2020 4கே பெட்டியா?

திரைப்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. பீட்டர் ஜாக்சனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்று படங்களையும் டிஸ்க்கில் வாங்கப் போகிறேன். அத்தான் அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து சென்னை வருகிறார், வாங்கி வரச் சொல்லலாம். 2011ல் வந்த எக்ஸ்டெண்டட் (தியேட்டரில் வராத காட்சிகளும் சேர்ந்த நீளமான பதிப்பு) புளூ-ரே பெட்டியா, 2020ல் வந்த 4கே பெட்டியா? மேக்கிங் படங்களும் எனக்கு முக்கியம். வீட்டில் இருப்பது சோனி எக்ஸ்700 பிளேயர், எல்ஜி ஓஎல்இடி டிவி, அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போல் கேட்கும் டால்பி முறை) சவுண்ட்பார். சவுண்ட்பாரில் இஏஆர்சி கிடையாது, பழைய ஏஆர்சிதான் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாகவே சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வசதி; இஏஆர்சி அதன் புதிய வடிவம்). கூடவே ஒரு எச்டிஎம்ஐ இன் உண்டு. ரீஜன் சிக்கல் (வேறு நாட்டில் வாங்கிய டிஸ்க் இங்கே ஓடாமல் போவது) வருமா? இன்னொன்று, முதல் படம் ஒரு இடத்தில் 208 நிமிடம், இன்னொரு இடத்தில் 228 நிமிடம் என்று போட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பதிப்பா?

வட்டுப்பெட்டி:
ஒரே பதிப்புதான். எக்ஸ்டெண்டட் டிஸ்க்குகளின் கடைசியில் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் ஓடும். முதல் படத்தில் மட்டும் அது 20 நிமிடம். அதைச் சேர்த்தால் 228, சேர்க்காவிட்டால் 208. இரண்டாவது படம் 223 / 235, மூன்றாவது 251 / 263. தியேட்டரில் வந்தவை முறையே 178, 179, 201 நிமிடங்கள்.

எது வாங்குவது என்றால், படத்துக்கு 4கே பெட்டி, மேக்கிங்குக்கு 2011 பெட்டி. இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்காது. 2020 பெட்டியில் 9 டிஸ்க்: தியேட்டர் பதிப்பு படத்துக்கு ஒன்று, எக்ஸ்டெண்டட் பதிப்பு படத்துக்கு இரண்டு. கூடுதல் அம்சம் என்று எதுவும் கிடையாது. 2011 பெட்டியில் 15 டிஸ்க்: 6 புளூ-ரேயில் படங்கள், 9 டிவிடியில் மேக்கிங். இயக்குநரும் எழுத்தாளர்களும், கலைக்குழு, தயாரிப்புக் குழு, நடிகர்கள் எனப் படத்துக்கு நாலு கமெண்டரி டிராக்கும் (படம் ஓடும்போதே அவர்கள் பேசும் ஒலித்தடம்) உண்டு. டோல்கீனின் நாவலைத் திரைக்கதையாக மாற்றும்போது எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதையெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நாவல் படித்தவர் இதைத் தவற விடவே கூடாது.

ஆனால் 2011 பெட்டியில் முதல் படத்தின் நிறம் சரியில்லை. படம் முழுக்க மெல்லிய பச்சை ஏறியிருக்கிறது. கராத்ராஸ் மலைக் காட்சியில் வெள்ளைப் பனியைப் பார்த்தாலே தெரியும். டிவியில் டின்ட்டைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அதற்குள் முகங்கள் கெட்டுவிடும். 4கே பதிப்பில் மூன்று படங்களுக்கும் நிறத்தை ஒருசேரப் புதிதாகச் செய்திருக்கிறார்கள், பச்சை போய்விட்டது. அங்கேயும் ஒரு குறை உண்டு: ஃபிலிம் கிரெயினை (ஃபிலிமுக்கே உரிய மணல் போன்ற பொடிப் புள்ளிகளை) அதிகமாகத் துடைத்துவிட்டதால் சில குளோசப்களில் தோல் மெழுகு பூசியது போல வழவழவென்று தெரிகிறது. கிராஃபிக்ஸ் காட்சிகள் அந்தக் காலத்தில் 2கேயில் (4கேயை விடக் குறைந்த தெளிவில்) செய்தவை, அங்கே புது விவரம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இருந்தும் நிறத்துக்காகவும் ஒலிக்காகவும் என் ஓட்டு 4கேக்குத்தான்.

ஐந்தாம்மண்டலம்:
ரீஜன் பற்றி. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். சாதா புளூ-ரேக்கு ஏ, பி, சி என மூன்று மண்டலம். அமெரிக்கா ஏ, இந்தியா சி. பின்னட்டையில் உள்ள குறியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

மாட்டிக்கொள்வது டிவிடியில்தான். அமெரிக்க 2011 பெட்டியின் மேக்கிங் டிவிடிகள் ரீஜன் 1. இந்தியாவில் விற்ற பிளேயர் ரீஜன் 5. போட்டால் "இந்த டிஸ்க்கை இயக்க முடியாது" என்று சொல்லிவிடும். எளிய வழி, யூஎஸ்பி டிவிடி டிரைவைக் கணினியில் செருகி விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் பார்ப்பது. கணினி ரீஜனை மாற்றச் சொல்லிக் கேட்டால் யோசித்துச் செய்யுங்கள்: டிரைவில் 5 தடவைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ரீஜன் 1 டிஸ்க்குகளுக்கென்றே அந்த டிரைவை ஒதுக்கிவிடுவது உத்தமம்.

பெட்டிக்குள் வரும் டிஜிட்டல் கோடு அமெரிக்கக் கணக்குக்கு மட்டும். அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஒலிக்கூடம்:
உங்க செட்டப்புக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு. இந்த 4கே டிஸ்க்ல அட்மாஸ் வர்றது ட்ரூஎச்டிங்கற தரம் குறையாத டால்பி ஒலி வடிவத்துல. பழைய ஏஆர்சி வழியா ட்ரூஎச்டி போகாது, அதனால டிவி வழியா சவுண்ட்பாருக்கு எடுத்தா அட்மாஸ் விளக்கு எரியாது. ஆனா எக்ஸ்700ல ரெண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கு. முதலாவதை டிவிக்குக் கொடுங்க. ரெண்டாவது ஒலிக்கு மட்டும், அதை நேரா சவுண்ட்பாரோட எச்டிஎம்ஐ இன்ல செருகுங்க. பிரச்சினை முடிஞ்சது.

பிளேயர் மெனுவுல டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் "ஆட்டோ"ல இருக்கணும், பிசிஎம்ல (பிளேயரே ஒலியைப் பிரிச்சு அனுப்புற முறை) வைக்காதீங்க. "பிடி ஆடியோ மிக்ஸ்" கட்டாயம் ஆஃப். அது ஆன்ல இருந்தா பிளேயரே ஒலியைப் பிரிச்சுக் கலந்து அனுப்பும், அட்மாஸ் தகவல் வழியிலேயே போயிடும். பாதிப் பேர் அட்மாஸ் வரலைன்னு சொல்றது இதனாலதான்.

டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யுற முறை) இந்த மாடல்ல தானா வராது. ஸ்க்ரீன் செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும். வெறும் எச்டிஆர்10 (படம் முழுக்க ஒரே அளவு வைக்கிற சாதா முறை) டிஸ்க் போடும்போது மறக்காம ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா அதையும் டால்பி விஷனா மாத்தி அனுப்பி நிறத்தைக் குழப்பும். டிவில அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டீப் கலர் ஆன், எனர்ஜி சேவிங் ஆஃப், ட்ரூமோஷன் (அசைவை வழவழப்பாக்குற வசதி) ஆஃப். எனர்ஜி சேவிங் ஆன்ல இருந்தா மோரியா சுரங்கத்துல ஒண்ணுமே தெரியாது. பிக்சர் மோடு, ராத்திரி விளக்கணைச்சுப் பார்த்தா "சினிமா", பகல்ல "சினிமா ஹோம்".

திரைப்பித்தன்:
மிக்க நன்றி. எச்டிஎம்ஐ அவுட் 2 எதற்கென்றே தெரியாமல் இருந்தது. அம்மா அப்பா நாவலும் படித்ததில்லை, படமும் பார்த்ததில்லை. அவர்களுக்கு எந்தப் பதிப்பைப் போடுவது? 4கே டிஸ்க் நடுவில் நின்றுவிடுகிறது என்று சிலர் சொல்கிறார்களே, அது ஏன்?

வட்டுப்பெட்டி:
முதல் தடவைக்குத் தியேட்டர் பதிப்பு. எக்ஸ்டெண்டட் பதிப்பில் ஹாபிட்டுகளின் ஊர் வாழ்க்கை, லோத்லோரியனில் பரிசு கொடுப்பது, போரோமிர்-ஃபாராமிர் அண்ணன் தம்பி காட்சி எல்லாம் அருமைதான், ஆனால் ஓட்டம் குறையும். ஒரே ஒரு இடத்தில் தியேட்டர் பதிப்பு ஏமாற்றும்: மூன்றாவது படத்தில் வில்லன் மந்திரவாதி சாருமான் என்ன ஆனான் என்று காட்டவே மாட்டார்கள். அந்தக் காட்சியை மட்டும் எக்ஸ்டெண்டட் டிஸ்க்கில் தனியாகப் போட்டுக் காட்டிவிடுங்கள், மூன்றாவது படத்தின் தொடக்கப் பகுதியிலேயே இருக்கிறது.

நின்றுபோவதற்கு வருவோம். ஒவ்வொரு தடவையும் ஒரே நிமிடத்தில் நின்றால் டிஸ்க்கில் கோளாறு. 4கே டிஸ்க்கில் தகவல் மிக நெருக்கமாகப் பதிந்திருப்பதால் ஒரு கைரேகையே போதும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, படிக்கவே முடியாமல் போகும். துடைத்தும் அதே இடத்தில் நின்றால் மாற்றித் தரச் சொல்வதுதான் வழி. அதனால் அத்தானிடம் அங்கேயே பெட்டியைப் பிரித்து 9 டிஸ்க்கையும் எண்ணி, கீறல் பார்த்து எடுத்துவரச் சொல்லுங்கள், இங்கே வந்தபின் திருப்பிக் கொடுக்க முடியாது.

நிற்காமல் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பினாலோ வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ அது கேபிள். 18 ஜிபிபிஎஸ் சான்று பெற்ற, 3 மீட்டருக்குள் உள்ள கேபிளாக மாற்றிப் பாருங்கள்.