சார்ட்ரூஸ் ஸ்விசில்: கிளாஸில் பனி பூக்கவே மாட்டேன் என்கிறது

வணக்கம். ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். பக்கத்து ஊர் சான் பிரான்சிஸ்கோவில் பார்டெண்டர் மார்க்கோவால்டோ டயோனிசோஸ் உருவாக்கிய சார்ட்ரூஸ் ஸ்விசில் காக்டெயிலை (உடைத்த ஐஸோடு கடைந்து, கிளாஸின் வெளிப்பக்கம் பனி பூக்க வைக்கும் பானம்) வீட்டில் செய்ய மூன்று வாரமாகப் போராடுகிறேன். சுவை சரி. ஆனால் கிளாஸின் வெளிப்பக்கம் வெள்ளையாக உறையவே இல்லை, ஐந்து நிமிடத்தில் எல்லாம் தண்ணீராகிவிடுகிறது.

அளவு: பச்சை சார்ட்ரூஸ் (பிரான்சில் துறவிகள் தயாரிக்கும் மூலிகை மதுபானம்) 45 மி.லி., அன்னாசிச் சாறு 30, எலுமிச்சைச் சாறு 22, ஃபலேர்னம் (கிராம்பு, இஞ்சி, எலுமிச்சை மணமுள்ள கரீபியன் இனிப்புச் சிரப்) 15. மஞ்சள் சார்ட்ரூஸ் இல்லை, 55 சதவீத ஆல்கஹால் உள்ள பச்சைதான். அன்னாசி புதிதாகப் பிழிந்தது.

ஐஸை முதலில் மிக்ஸியில் அடித்தேன், கூழாகிவிட்டது. பிறகு துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் உடைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பாதி பொடி, பாதி கட்டி. கிளாஸை அரைமணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தும் பார்த்தாயிற்று. கலக்க ஸ்விசில் குச்சி (நுனியில் கிளைகள் உள்ள கடையும் குச்சி) கிடையாது. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய மர மத்துதான். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது இரண்டுக்கும் ஒன்றுதானே! முப்பது விநாடி கடைகிறேன், மோர் மாதிரி நுரைதான் வருகிறது.

இதுவரை ஏழு கிளாஸ் போயாச்சு. துறவிகள் உற்பத்தியைக் கூட்டப்போவதில்லை என்று முடிவெடுத்த பிறகு அடுத்த பாட்டில் எப்போது கிடைக்கும் என்றே தெரியவில்லை. சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள்.

வீட்டில் இதைச் செய்து கிளாஸை உறைய வைத்தவர்கள் சொல்லுங்கள்: தப்பு என் ஐஸிலா, மத்திலா?