கம்பைலர் பதிப்பு மாறும்போது தோல்விகளை எண்ணினால் போதுமா, பெயர்வாரியாக ஒப்பிட வேண்டுமா?

அரைப்புள்ளி:

சி, சி++ நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் 13-ஆம் பதிப்பிலிருந்து 14-க்கு மாறுவது பற்றிய முந்தைய இழையில் நண்பர் கூட்டல்குறி ஓர் எளிய வழி சொல்லியிருந்தார். பழைய கம்பைலரில் எத்தனை சோதனைகள் தோற்றன, புதியதில் எத்தனை தோற்றன என்று பாருங்கள். எண் கூடவில்லை என்றால் மாறிவிடுங்கள் என்பது அவர் வாதம். அதை மறுப்பதற்காகவே இந்தத் தனி இழை.

பழையதில் தோற்ற மூன்று சோதனைகள் புதியதில் தேறி, பழையதில் தேறிய வேறு மூன்று இப்போது தோற்றால் தொகை அப்படியே இருக்கும். ஆனால் மூன்று இடங்களில் நிரல் உடைந்திருக்கிறது. ஜிசிசியை எழுதுபவர்களே தொகையை நம்புவதில்லை. அவர்களுடைய சோதனைத் தொகுப்பு டெஜாக்னு என்ற கருவியில் ஓடுகிறது. அது ஒவ்வொரு சோதனைக்கும் பாஸ் (தேறியது), ஃபெயில் (தோற்றது), எக்ஸ்ஃபெயில் (எதிர்பார்த்தபடி தோற்றது), எக்ஸ்பாஸ் (எதிர்பாராமல் தேறியது), அன்ரிசால்வ்டு (முடிவு தெரியவில்லை), அன்சப்போர்ட்டட் (இங்கே ஓட்ட முடியாதது) போன்ற ஒரு நிலையைப் பெயருடன் சேர்த்துத் தனி வரியாக எழுதி வைக்கிறது. மூலநிரலின் கான்ட்ரிப் அடைவில் இருக்கும் ஒப்பீட்டு ஸ்கிரிப்ட், இரண்டு ஓட்டங்களின் வரிகளைப் பெயருக்குப் பெயர் பொருத்திப் பார்க்கிறது.

என் நிலைப்பாடு இதுதான்: முன்பு தேறிய ஒரு சோதனை இப்போது தேறவில்லை என்றால், காரணம் தெரியும்வரை கம்பைலர் மாற்றம் நிற்க வேண்டும். இதில் எந்த வரிக்கும் விலக்கு இல்லை.

கூட்டல்குறி:

எண்ணிக்கையை முதற்கட்ட வடிகட்டலாகத்தான் சொன்னேன். முழுத் தீர்ப்பாக அல்ல. ஆனாலும் உங்கள் விதியை ஏற்க முடியவில்லை, ஏனெனில் பெயர்வாரி ஒப்பீட்டில் வரும் பட்டியலில் கம்பைலரின் பிழைகள் சிறுபான்மைதான்.

2013-இல் வெளிவந்த ஜிசிசி 4.8-ஐ நினைத்துப் பாருங்கள். கணினிகளின் வேகத்தை அளக்கும் ஸ்பெக் சிபியு 2006 தொகுப்பில் இருந்த எச்264 காணொளிக் குறியாக்கி முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டது. அந்தச் சுழற்சி 16 உறுப்புகள் கொண்ட ஓர் அணியின் மேல் ஓடுகிறது. சுட்டெண்ணை ஒன்று கூட்டி, அந்த இடத்து உறுப்பைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சுட்டெண் 16-ஐவிடக் குறைவா என்று கேட்கிறது. கடைசிச் சுற்றில் இல்லாத 17-ஆவது உறுப்பைப் படிக்கிறது என்று அர்த்தம். சி மொழித் தரத்தின்படி அது நிகழக் கூடாத செயல் என்பதால், சுட்டெண் ஒருபோதும் 15-ஐத் தாண்டாது என்று கம்பைலர் முடிவுகட்டியது. அப்படியானால் அந்த நிபந்தனை எப்போதும் உண்மை, சோதிக்கவே தேவையில்லை என்று அதை நீக்கிவிட்டது. ஜிசிசி குழு இதற்காகப் பின்வாங்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் அந்த நிரலின் பெயரையே எழுதி, வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் அந்த மேம்பாட்டை அணைக்க ஒரு ஃபிளாக்கையும் (கட்டளைவரித் தெரிவு) கொடுத்து நகர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் மாற்றத்தை நிறுத்தினால், திருத்தங்கள் வருவது நின்றுபோன பழைய கம்பைலரிலேயே நாம் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்போம்.

அரைப்புள்ளி:

குற்றம் யாருடையது என்பது இரண்டாவது கேள்வி. நிரலைப் பயன்படுத்துபவருக்கு நேற்று ஓடியது இன்று உறைந்து நிற்கிறது; தரத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று அவரிடம் விளக்கிப் பயனில்லை. ஜிசிசி 6-இல் சி++ உறுப்புச் செயற்கூறுக்குள் ‘திஸ்’ சுட்டி வெறுமையாக (நல்) இருக்காது என்று அனுமானித்து மேம்படுத்தத் தொடங்கியதும் க்யூட்டி 5 நிரலகம், குரோமியம் உலாவி, கேடெவலப் நிரலெழுதி ஆகிய மூன்றுமே அடிவாங்கின. மூன்றும் தேர்ந்த கைகள் எழுதியவை, பல காலம் சிக்கலின்றி ஓடியவை. தவறு நிரலில்தான் என்று ஒப்புக்கொண்டாலும், அது இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டாமா? தெரிந்தபின் நிரலைத் திருத்துவதா, ஃபிளாக் போடுவதா என்று முடிவு செய்யலாம்.

வடிகட்டி:

இருவரும் தேறியது தோற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் அதைவிட ஆபத்தானவை முடிவுகளிலிருந்து காணாமல் போகும் வரிகள். எண்ணிக்கை முறை முழுவதுமாகத் தோற்பதும் அங்கேதான்.

ஜிசிசியின் சோதனைகளிலேயே இதைப் பார்க்கலாம். தொகுத்து (கம்பைல் செய்து) ஓட்ட வேண்டிய ஒரு சி கோப்புக்குச் சாதாரணமாக இரண்டு வரிகள் வரும்: வேண்டாத பிழைச் செய்திகள் இல்லை என்று ஒரு பாஸ், ஓடியது என்று இன்னொரு பாஸ். புதிய கம்பைலரில் தொகுப்பதே தோற்றால், முதல் வரி ஃபெயில் ஆகிறது. இரண்டாவது வரி ஃபெயில் ஆவதில்லை. அது மறைந்து, இயங்கு கோப்பு உருவாகவில்லை என்ற அன்ரிசால்வ்டு வரி வேறு பெயரில் அந்த இடத்துக்கு வருகிறது. ஃபெயில்களை மட்டும் எண்ணுபவருக்கு இரண்டு இழப்புகளில் ஒன்றுதான் கண்ணில் படும். அரைப்புள்ளி குறிப்பிட்ட ஒப்பீட்டு ஸ்கிரிப்டில், ‘முன்பு தேறி இப்போது காணாமல் போனவை’ என்ற தலைப்புக்குப் பக்கத்திலேயே ‘ஈக்!’ என்று அடைப்புக்குறிக்குள் ஓர் அலறலை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் பட்டுத் தெரிந்துகொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நாம் மாறப்போகும் பதிப்புக்கு வருவோம். 2024 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14, முன்கூட்டி அறிவிக்கப்படாத செயற்கூறை அழைப்பது, பொருந்தாத சுட்டி வகைகளைக் கலப்பது போன்ற பழைய எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கிவிட்டது. நேரடியாகத் தொகுக்கும் நிரல்கள் உடைந்தால் உடனே தெரிந்துவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. கவலை எல்லாம் நிரலைக் கட்டுவதற்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளைப் பற்றித்தான். இந்தக் கணினியில் இன்ன செயற்கூறு இருக்கிறதா என்று அறிய அவை ஒரு குட்டி நிரலை எழுதித் தொகுத்துப் பார்க்கின்றன. பழைய ஸ்கிரிப்டுகளில் அந்தக் குட்டி நிரல்கள் உரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்காமலேயே செயற்கூறை அழைப்பதுண்டு. ஜிசிசி 13 எச்சரித்துவிட்டு விட்டுவிடும். ஜிசிசி 14 பிழை என்று நிறுத்தும். ஸ்கிரிப்ட் அதை ‘அந்த வசதி இங்கே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, அந்த அம்சத்தை அணைத்துவிட்டு, முழு நிரலையும் எந்தப் புகாருமின்றிக் கட்டி முடிக்கும். அம்சம் இல்லாததால் அதன் சோதனைகள் தவிர்க்கப்படும். தோல்விகளின் எண்ணிக்கை கூடாது, சில வேளைகளில் குறையவும் செய்யும். கூட்டல்குறியின் கணக்கில் அது முன்னேற்றமாகவே தெரியும்.

ஆகவே இரண்டு ஓட்டங்களின் கான்ஃபிகர் பதிவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். சோதனை முடிவுகளுக்கு முன்பே அது செய்தாக வேண்டிய வேலை.

கூட்டல்குறி:

கான்ஃபிகர் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். தவிர்க்கப்பட்டவற்றையும் காணாமல் போனவற்றையும் தனியாக எண்ண வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘விலக்கு இல்லை’ என்ற விதி நடைமுறைக்கு உதவாது என்பதில் மாற்றமில்லை. சோதனையின் பெயருக்குள் வரி எண் இருந்தால், கோப்பின் தலையில் ஒரு கருத்துரை சேர்த்ததும் பழைய பெயர் மறைந்து புதிய பெயர் முளைக்கும். இணையாக ஓடும் சோதனைகளில் நேரக்கெடு தாண்டியதால் மட்டும் தோற்பவை இருக்கும். ரஸ்ட் மொழிக் குழுவின் கிரேட்டர் கருவி, பொதுவெளியில் இருக்கும் ரஸ்ட் தொகுப்புகளை இரண்டு கம்பைலர் பதிப்புகளில் கட்டிச் சோதித்து ஒப்பிடுகிறது. அதிலும் போலிப் பின்னடைவுக்கு என்று ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். அறிக்கை வந்தபின் மனிதர்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்.

அரைப்புள்ளி:

கிரேட்டர் எனக்குச் சாதகமான சாட்சி. அது போன மாத முடிவுக் கோப்பை எடுத்து ஒப்பிடுவதில்லை. இரண்டு கம்பைலர்களையும் ஒரே பரிசோதனையில் ஓட்டுகிறது. நாமும் அப்படியே செய்தால் வரி எண் சிக்கல் எழாது, ஏனெனில் சோதனைக் கோப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றே. நேரக்கெடு இரைச்சலுக்கும் வழி உண்டு: பழைய கம்பைலரை அதே இயந்திரத்தில் இருமுறை ஓட்டுங்கள். தன்னோடு தானே மாறுபடும் சோதனைகள் கம்பைலரைப் பற்றி எதுவும் சொல்லத் தகுதியற்றவை. அவற்றை ஒதுக்கி முதலில் அவற்றையே சரிசெய்யுங்கள். எஞ்சும் பட்டியல் நீங்கள் அஞ்சும் அளவுக்கு நீளாது.

புள்ளிக்குப்பின்:

எண்கணிதத் துறையில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 2022-இல் வந்த கிளாங் 14 என்ற இன்னொரு சி கம்பைலர், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைப்பதை இயல்புநிலையாக்கியது. இணைந்த கட்டளை விடையை ஒருமுறைதான் முழுமையாக்கும் (ரவுண்டிங்), தனித்தனியானவை இருமுறை; ஆகவே 64-பிட் ஆர்ம் செயலிகளில் கடைசி இலக்கம் மாறலாம். எதிர்பார்த்த வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைகள் தோற்கும், யாரும் தவறு செய்யாமலேயே. அதற்காக ஏற்புவரம்பை உடனே தளர்த்திவிடாதீர்கள். முதலில் இணைப்பை அணைத்து அதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். பழைய விடை துல்லியமாகத் திரும்பினால்தான் காரணம் அதுவென்று உறுதியாகும்.

அரைப்புள்ளி:

மற்றவற்றுக்கும் அதே ஒழுங்குதான். பழையது, புதியது இரண்டிலும் மேம்படுத்தாமல் ஒருமுறை, ஓ2 என்ற மேம்பாட்டு நிலையில் ஒருமுறை ஓட்டுங்கள். புதியதில், ஓ2-இல் மட்டும் தோற்றால், மொழித் தரம் வரையறுக்காத நடத்தையை ஓடும்போதே பிடிக்கும் சானிடைசரோடு ஓட்டுங்கள். அது பேசினால் நம் நிரலைத் திருத்த வேண்டும். பேசாவிட்டால் கம்பைலரின் கிட் மாற்ற வரலாற்றில் பைசெக்ட் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். 8,000 மாற்றங்கள் இருந்தாலும் 13 முறை கட்டினால் குற்றவாளி மாற்றம் கிடைத்துவிடும்.

கூட்டல்குறி:

சானிடைசரின் மௌனத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஒரே நினைவகத்தை இரண்டு வேறு வகைகளின் சுட்டிகளால் தொடும் விதிமீறலை அது பிடிப்பதில்லை. அதனால்தான் ஜிசிசியின் பிழைப்புகார்ப் பக்கம், வகை சார்ந்த அந்த அனுமானத்தையும் முழு எண் வழிதல் பற்றிய அனுமானத்தையும் அணைத்தால் விளைவு மாறுகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறது. அது மாறினால் பைசெக்டுக்கு வேலையே இல்லை. மாறவில்லை என்றால் மட்டும் 13 முறை கட்டும் செலவை ஏற்கிறேன்.

என் மாற்று இது: விலக்குப் பட்டியல் இருக்கட்டும், ஒவ்வொரு வரிக்கும் காரணமும் காலாவதித் தேதியும் வேண்டும். ஜிசிசியின் கான்ட்ரிப் அடைவிலேயே இப்படிக் காலாவதி குறிக்கத்தக்க பட்டியலைக் கையாளும் ஸ்கிரிப்ட் இருக்கிறது.

வடிகட்டி:

பட்டியலில் இருக்கும் ஒரு சோதனை எதிர்பாராமல் தேறினாலும் அதைத் தோல்வியாகவே கருதுங்கள். இல்லாவிட்டால் சரியாகிப்போன வரிகள் பட்டியலிலேயே தங்கி, பின்னாளில் அதே சோதனை மறுபடி உடையும்போது மறைப்பாக நிற்கும்.

அரைப்புள்ளி:

கடைசி இலக்க வேறுபாடு, எச்சரிக்கைச் செய்தியின் வாசகம் மாறியது ஆகியவற்றைக் காலாவதித் தேதியோடு பட்டியலில் சேர்க்க ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது தவறான விடை தரும் சோதனையையோ, காரணமின்றிக் காணாமல் போன வரியையோ எந்தத் தேதியோடும் சேர்க்க மாட்டேன். அவை தீரும்வரை வெளியீடு ஜிசிசி 13-இல்தான் கட்டப்படும்.

கூட்டல்குறி:

தவறான விடைக்கு உடன்படுகிறேன். காணாமல் போன வரிக்கு உடன்படவில்லை. கான்ஃபிகர் பதிவுகள் இரண்டும் ஒத்திருந்தால் அதைப் பட்டியலில் இட்டுவிட்டு 14-க்குப் போவேன்.