தெருவில் இருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கு நன்றி உணர்ச்சி உண்டா?

கீற்றுக்கொட்டகை:
அடிபட்டுக் கிடந்த நாட்டு நாயை எடுத்து வைத்தியம் பார்த்து வளர்க்கிறோம். ஒன்றரை வயது இருக்கும். கேட்டைத் திறந்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. "உயிரைக் காப்பாத்தினதை அது மறக்கல" என்கிறார்கள் வீட்டில். ஆனால் சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. உடனே அதே ஆட்கள் "நன்றி கெட்டது" என்கிறார்கள். நாய்க்கு நிஜமாகவே நன்றி உணர்ச்சி உண்டா? இருந்தால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பூனைக்கும் இது பொருந்துமா?

வேப்பமரத்தடி:
நன்றி என்றால் "இவர் எனக்கு நல்லது செய்தார்" என்று அறிந்து, பதிலுக்கு ஏதாவது செய்ய நினைப்பது. இதை வியன்னாவில் நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. பொத்தானை அழுத்தினால் தீனி விழும் கருவி. ஒருவர் அழுத்தி நாய்க்குத் தீனி கொடுத்தார், இன்னொருவர் கொடுக்கவில்லை. பிறகு பொத்தானை நாயின் பக்கம் வைத்தார்கள். அது அழுத்தினால் எதிரில் இருக்கும் மனிதருக்குத் தீனி. தனக்குக் கொடுத்தவருக்காக நாய்கள் கூடுதலாக அழுத்தவில்லை. சோதனையை எளிமையாக்கித் திரும்பச் செய்தபோதும் அதே முடிவுதான்.

இதை வைத்து நாய்க்கு மனமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மனிதருக்குத் தீனி ஊட்டுவது நாயின் வாழ்க்கையில் வழக்கமே இல்லாத காரியம். நாய்க்கு நாய் என்றால் கதை வேறு. சுவிட்சர்லாந்தில் பணிநாய்களை வைத்துச் செய்த ஆய்வில் (2017), இன்னொரு நாயிடம் உதவி பெற்ற நாய், அடுத்து வந்த நாய்க்குத் தீனித் தட்டை இழுத்துக் கொடுத்துக் கூடுதலாக உதவியது.

ஆக, அன்றைக்கு நீங்கள் தூக்கி வந்ததை அது ஒரு கடனாக மனதில் வைத்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள்மேல் பற்று இருக்கிறது என்பதற்கு நிறையவே இருக்கிறது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழு, நாய்களை மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியது. பல வாசனைகளைக் காட்டியதில், பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மூளையில் நல்லதை எதிர்பார்க்கும் பகுதி அதிகம் தூண்டப்பட்டது. அந்த மனிதர் அப்போது பக்கத்திலேயே இல்லை, கையில் தீனியும் இல்லை. எனக்கு இது நன்றியைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

வாலும்காதும்:
உறுமலுக்கு வருகிறேன், அதுதான் அவசரம். பட்டினி கிடந்த நாய் தட்டைக் காப்பது பயத்தால். அதற்கும் நன்றிக்கும் சம்பந்தமே இல்லை. உறுமியதற்காக அடிக்கவோ தட்டைப் பிடுங்கவோ வேண்டாம். உறுமலை அடக்கிவிட்டால், அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வையுங்கள். நாய் உடம்பை விறைக்காமல் தின்னும் தூரம் எது என்று பாருங்கள். ஆறடி, எட்டடி என்று நாய்க்கு நாய் மாறும். அந்தத் தூரத்தில் நடந்து போகிற போக்கில் ஒரு துண்டைத் தட்டருகே போட்டுவிட்டு, நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை போதும். நீங்கள் வரும்போதே "கோழி வருது" என்று தளர்வாகத் தலை தூக்கிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அரை அடி நெருங்க வேண்டும். பலர் சொதப்புவது இங்கேதான்: இரண்டு நாள் நன்றாகப் போனதும் நேரே தட்டுக்கே போய்விடுவார்கள். திடீரென்று வேகமாக விழுங்குவது, அசையாமல் உறைந்து நிற்பது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இதில் எதைக் கண்டாலும் பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு விடவே கூடாது. ஏற்கெனவே கடித்திருந்தால் நீங்களாகச் செய்யாமல், நாய்களின் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாசத்தை எதில் பார்ப்பது என்றால், வால் ஆடுவதை மட்டும் பார்க்காதீர்கள். விறைத்து மேலே தூக்கிச் சின்னதாக அதிரும் வால் பதற்றம். முதுகு மட்டத்தில் அகலமாக ஆடி, கூடவே இடுப்பும் ஆடினால் மகிழ்ச்சி. இன்னொரு வழியும் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் மூன்று விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். மூக்கால் கையை இடித்தாலோ சாய்ந்தாலோ இன்னும் வேண்டும் என்று அர்த்தம். உதட்டை நக்கி முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

அந்திக்காவல்:
மேலே சொன்னதோடு ஒன்று. நம் ஊர்த் தெருநாய்களைப் பற்றியே ஆய்வு இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தினர் 2017-ல் வெளியிட்டது. முன்பின் தெரியாத மனிதரிடம் நம்பிக்கை வளர, திரும்பத் திரும்பத் தீனி கொடுத்ததைவிடத் தடவிக் கொடுத்ததே அதிகம் உதவியது. சோறு போட்டால் நன்றி வந்துவிடும் என்ற கணக்கு தெருநாயிடமே செல்லவில்லை.

இன்னொன்று, திட்டும்போது தலையைத் தொங்கப் போட்டு நிற்பதைக் "குற்ற உணர்ச்சி" என்கிறோமே, அதை 2009-ல் நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்தார். தப்பே செய்யாத நாயும், திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. நம் கோபத்துக்கு வரும் பதில் அது. நன்றி, வஞ்சம் எல்லாவற்றையும் நாய் முகத்தில் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

திண்ணைப்பூனை:
பூனைக்கு என் பங்கு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் (2019), வளர்ப்பவர்கள் பழக்கமில்லாத அறையில் பூனைக்குட்டியோடு இரண்டு நிமிடம் இருந்து, வெளியே போய் இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். சுமார் 64 சதவீதக் குட்டிகள் வளர்ப்பவரைப் பார்த்ததும் பதற்றம் தணிந்து, பிறகு அறையைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டன. விலகிப் போவதைப் பார்த்து "பூனைக்குப் பாசமே இல்லை" என்பார்கள். ஆனால் நிம்மதியாக விலகிப் போக முடிவதுதான் அங்கே நம்பிக்கைக்கு அடையாளம்.

வீட்டில் செய்து பார்க்க: மூன்று நான்கடி தள்ளி உட்கார்ந்து, முறைக்காமல் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். பதிலுக்குக் கண்ணைச் சுருக்கினால் உங்கள் அருகில் நிம்மதியாக இருக்கிறது. எலியைக் கொண்டுவந்து போடுவதைப் பரிசு என்று எண்ண வேண்டாம். வேட்டையைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அது.

கீற்றுக்கொட்டகை:
எல்லோருக்கும் நன்றி. கோழித்துண்டு முறையை இன்றே ஆரம்பிக்கிறோம். கையை விடாமல் நக்குகிறதே, அதுவாவது பாசம்தானா?

வாலும்காதும்:
பாதி பாசம், பாதி வேர்வை உப்பு. குட்டிகள் தாயின் வாயை நக்கித் தீனி கேட்கும் பழக்கமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரை, சுவர், மெத்தை என்று எதையும் விடாமல் நக்கினால் செரிமானக் கோளாறாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் நக்க விடாதீர்கள். தெருவில் இருந்து வந்த நாய் என்பதால் ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். போடாத நாய் காயத்தில் நக்கிவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.